பிரான்சிஸ் டே சென்னையை விலைக்கு வாங்கினாரா? 1639 பத்திரத்தில் உண்மையில் என்ன இருந்தது?

பொன்னேரியில் பஸ் ஏறி பழவேற்காடு போகிறவர்கள் வழியில் திருப்பாலைவனத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சோழர் காலத்துச் சிவன் கோயில் இருக்கும் ஊர். அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே போனால் ஏரி, அதையும் தாண்டினால் கடல்.

இந்த ஏரிக்கரையில் ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதே ஏரியின் வடக்குப் பக்கம், இன்றைய ஆந்திர எல்லைக்குள், ஆங்கிலேயர்களின் சின்ன வியாபாரக் கோட்டை ஒன்று இருந்தது. அந்தக் கோட்டையில் தலைமை வகித்த ஒரு வியாபாரிதான் தெற்கே புதிய இடம் தேடிக் கிளம்பினார். சென்னை நகரம் உருவானது அதற்குப் பிறகுதான்.

அவர் பெயர் பிரான்சிஸ் டே. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 22 அன்று சென்னை தினம் கொண்டாடும்போது அவர் பெயர் தவறாமல் வந்துவிடும். கூடவே, அவர் சென்னையை விலைக்கு வாங்கினார் என்ற பேச்சும் வரும்.

அது சரியா? யார் விற்றார், யார் வாங்கினார், என்ன விலை? பத்திரம் என்ன சொல்கிறது? அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களிடம் யாராவது கேட்டார்களா? பிரான்சிஸ் டேயின் வாழ்க்கையோடு சேர்த்தே இதைப் பார்த்துவிடலாம்.

யார் இந்த பிரான்சிஸ் டே?

பிரான்சிஸ் டே பிறந்தது 1605 என்று குறிப்பிடப்படுகிறது. அவர் அரச குடும்பத்தவரும் அல்ல, படைத் தளபதியும் அல்ல. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த வியாபார அதிகாரி. துணி வாங்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அவர் தலைமை வகித்த இடம் ஆர்மகான். இன்று ஆந்திராவில் துர்கராஜபட்டினம் என்று அழைக்கப்படும் ஊர் அதுதான். 1626ல் ஆங்கிலேயர்கள் அங்கே குடியேறினார்கள். அங்கே இடம் கிடைக்க உதவிய ஆறுமுக முதலியார் என்பவரின் பெயரே ஆர்மகான் என்று திரிந்தது என்று சொல்வார்கள்.

ஆர்மகானில் கம்பெனிக்கு லாபம் வரவில்லை. நல்ல துணி கிடைக்கவில்லை, உள்ளூர் அதிகாரிகளின் தொல்லையும் இருந்தது. கிட்டத்தட்ட பக்கத்து வீடு போல இருந்த பழவேற்காட்டிலோ டச்சுக்காரர்களின் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது.

பழவேற்காடு டச்சுக்காரர்கள் கைக்குப் போனது எப்படி?

டேயின் கதை புரிய வேண்டும் என்றால் பழவேற்காட்டின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது இந்தக் கரை விஜயநகர மன்னர்களின் ஆட்சிக்குள் இருந்தது. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு அந்தப் பேரரசு சுருங்கிப்போய், மன்னர்கள் தெற்கே வந்து சந்திரகிரி, வேலூர் பகுதிகளில் இருந்து ஆண்டார்கள். 1610ல் இரண்டாம் வேங்கடபதி மன்னரிடம் அனுமதி வாங்கி, டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வியாபாரம் தொடங்கினார்கள்.

சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1612ல் வந்து தாக்கினார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஒரு கோட்டை எழுந்தது. கெல்ட்ரியா கோட்டை என்று பெயர். அதன் சிதிலங்களும் டச்சுக் கல்லறைகளும் இன்றும் பழவேற்காட்டில் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் கடற்கரையில் இடம் கிடைப்பது என்றால் இதுதான் வழக்கம். மன்னர் அனுமதி தருவார். வந்தவர் வியாபாரம் செய்வார், சுங்கத்தில் பங்கு தருவார். பாதுகாப்புக்கு என்று சொல்லி ஒரு கோட்டை வரும். வந்த கோட்டை பிறகு போகாது. பழவேற்காட்டில் நடந்ததை டே பக்கத்தில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெற்கே ஒரு பயணம்

1637ல் டே கப்பலில் தெற்கே கிளம்பி, புதுச்சேரி வரை கரையைப் பார்த்துவிட்டு வந்தார். எங்கே துணி மலிவு, எங்கே நெசவாளர்கள் அதிகம், எங்கே உள்ளூர் ஆட்சியாளர் ஒத்துழைப்பார் என்பதுதான் அவருடைய கேள்வி.

பதில் சாந்தோமுக்குக் கொஞ்சம் வடக்கே கிடைத்தது. கூவம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மணல் திட்டும் மீனவர் குடிசைகளும். அந்த இடத்தின் பெயர் மதராசபட்டினம்.

சாந்தோமில் டேவுக்கு ஒரு காதலி இருந்தார், அவர் பக்கத்தில் இருக்கத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு பழைய கதை உண்டு. சுவாரஸ்யமான கதைதான். ஆனால் கம்பெனிக் கடிதங்களில் டே சொன்ன காரணம் துணி. மற்ற இடங்களைவிட இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்ப எழுதினார்.

இடம் கொடுத்தவர் யார்?

இந்தப் பகுதி தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கரின் கட்டுப்பாட்டில் இருந்தது. வெங்கடப்பர் என்றும் அவரைச் சொல்வார்கள். வந்தவாசியில் இருந்தவர். பூந்தமல்லியில் இருந்து இந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய தம்பி ஐயப்பர். அவர்களின் அப்பா பெயர் சென்னப்பர். சென்னப்பட்டினம் என்ற பெயர் அவர் நினைவாக வந்தது என்பது பரவலான கருத்து.

நாயக்கர் ஏன் கூப்பிட்டு இடம் கொடுத்தார்? அவருக்கும் கணக்கு இருந்தது. அவர் எதிர்பார்த்தவை:

• வியாபாரம் வந்தால் நாட்டில் பணம் புழங்கும்.

• பாரசீகத்தில் இருந்து நல்ல குதிரைகள் கிடைக்கும்.

• வேட்டைப் பருந்து, குரங்கு, கிளி வாங்க ஆண்டுதோறும் தன் ஆளை ஆங்கிலேயர் கப்பலில் வங்காளத்துக்கு அனுப்பலாம்.

• பக்கத்து நாயக்கர்கள் படையெடுத்து வந்தால், பலமான கோட்டைக்குள் தானே போய்ப் பத்திரமாக இருந்துகொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இதே தாமர்ல குடும்பத்தைச் சேர்ந்த அங்கபூபாலன் எழுதிய தெலுங்குக் காவியமான உஷாபரிணயம், பழவேற்காட்டு டச்சுக்காரர்களும் மயிலாப்பூர் போர்த்துக்கீசியர்களும் ஓயாமல் மோதிக்கொண்டதால், நடுவில் ஒரு பட்டினத்தை ஐயப்பர் ஏற்படுத்தினார் என்று சொல்கிறது. அதாவது சண்டைக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவது ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

பேச்சுவார்த்தையில் டேவுக்குத் துணையாக இருந்தவர் பேரி திம்மப்பா. இரண்டு மொழி தெரிந்த இடைத்தரகர். அந்தக் காலத்தில் இவர்களைத் துபாஷி என்பார்கள். வெள்ளைக்காரருக்கு உள்ளூர்ப் பேச்சு புரியாது, நாயக்கருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்றவர் வாயில்தான் ஒப்பந்தமே இருந்தது.

பத்திரத்தில் என்ன இருந்தது?

நாயக்கர் கொடுத்த அந்த ஆவணத்தைக் கம்பெனிக்காரர்கள் ஃபர்மான் என்று குறித்து வைத்தார்கள். அது டேயின் பெயருக்கு, கம்பெனியின் சார்பில் என்று எழுதப்பட்டது. அதன் ஆங்கிலப் பிரதி கம்பெனி ஆவணங்களில் இருக்கிறது. சுருக்கம் இதுதான்:

• மதராசபட்டினத்தில் விரும்பிய இடத்தில் கோட்டை கட்டிக்கொள்ளலாம்.

• கட்டி முடியும் வரை செலவு நாயக்கருடையது. ஆங்கிலேயர் உள்ளே வந்து குடியேறும்போது அதைத் திருப்பித் தர வேண்டும்.

• குடியேறிய நாளில் இருந்து 2 ஆண்டுகளுக்கு ஊரின் நிர்வாகம் ஆங்கிலேயரிடம்.

• அதற்குப் பிறகு துறைமுகத்தின் சுங்கத்திலும் வருமானத்திலும் ஆளுக்குப் பாதி.

• கம்பெனியின் சரக்குக்கு இந்தத் துறைமுகத்தில் எப்போதுமே சுங்கம் கிடையாது. நாட்டுக்குள் கொண்டுபோனால் மற்ற வியாபாரிகள் கட்டுவதில் பாதி.

• நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமை எப்போதைக்கும்.

• நெசவாளர், வியாபாரிகளுக்கு நாயக்கரிடம் சொல்லிவிட்டு முன்பணம் கொடுத்து, அவர்கள் ஏமாற்றினால், நாயக்கர் பொறுப்பு.

• கப்பல் உடைந்து கரை ஒதுங்கினால், மிஞ்சிய பொருள் உரியவருக்கே.

இதில் கிரயம் என்ற பேச்சே இல்லை. விலை என்று ஒரு தொகையும் இல்லை. நான்கு எல்லை சொல்லி இன்ன நிலம் என்று அளந்து கொடுக்கவும் இல்லை.

இன்றைய கணக்கில் இது என்ன பத்திரம்?

இன்று 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள ஒரு மனையை விற்க வேண்டும் என்றால் பத்திரம் எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1882 சொத்து மாற்றுச் சட்டமும் 1908 பதிவுச் சட்டமும் அப்படித்தான் சொல்கின்றன. விற்பவர், வாங்குபவர், விலை, எல்லை எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் 1639 ஆவணம் கிரயப் பத்திரமே இல்லை. கோட்டை கட்ட ஒரு அனுமதி, 2 ஆண்டு நிர்வாகப் பொறுப்பு, பிறகு வருமானத்தில் பங்கு, கூடவே சில வியாபாரச் சலுகைகள். எல்லாம் ஒரே ஓலையில்.

அந்தக் காலத்தில் நிலம் என்பது ஒருவருக்கு மட்டும் முழுசாகச் சொந்தமான பொருளாக இருக்கவில்லை. ஒரே நிலத்தின் மேல் பல பேருக்குப் பல விதமான உரிமை இருந்தது. மன்னருக்கும் நாயக்கருக்கும் வரி வாங்கும் உரிமை. கிராமத்தின் பழைய குடிகளுக்குக் காணியாட்சி. கோயிலுக்கு மானியம். உழுகிறவனுக்கு விளைச்சலில் ஒரு பங்கு. கரையில் இருப்பவனுக்கு வலை இழுக்கவும் படகு ஏற்றவும் உள்ள வழக்கம்.

காணியை விற்றார்கள், அடகு வைத்தார்கள், மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள். ஓலையில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். கோயிலுக்குக் கொடுத்ததைக் கல்லில் வெட்டினார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை செல்லும் என்று சேர்த்தும் எழுதினார்கள்.

நாயக்கர் தரக்கூடியது அவர் கையில் இருந்ததைத்தான். வரியும் சுங்கமும் அதிகாரமும் அவருடையவை. குப்பத்து மீனவரின் குடிசையும் கரையும் அவருடையவையா என்ற கேள்வி பத்திரத்தில் எழவே இல்லை.

வாழைத்தோட்டக் கதை

பத்திரம் பேசாததை ஊர்க்கதை பேசுகிறது. இன்று கோட்டை நிற்கும் இடத்தில் மாதரேசன் என்ற மீனவர் தலைவர் வாழைத்தோட்டம் போட்டிருந்தாராம். இடத்தைத் தர மறுத்தாராம். ஊருக்கு உன் பெயரையே வைக்கிறோம் என்று திம்மப்பா சமாதானம் பேசினாராம். அதனால்தான் மதராசபட்டினம் என்று பெயர் வந்ததாம்.

இதை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோட்டை வருவதற்கு முன்பே, நாயக்கரின் ஆவணத்திலேயே மதராசபட்டினம் என்ற பெயர் இருக்கிறது. ஆனாலும் நாயக்கர் கையெழுத்துப் போட்டால் போதுமா, தோட்டக்காரன் சம்மதம் வேண்டாமா என்ற கேள்வியை இந்தக் கதை மறக்காமல் வைத்திருக்கிறது.

ஜூலையா, ஆகஸ்ட்டா?

ஆவணப் பிரதியில் 1639 ஜூலை 22 என்ற தேதி இருக்கிறது. ஆனால் டே மதராசபட்டினத்துக்கு வந்து சேர்ந்ததே ஜூலை 27 என்று கம்பெனிக் கடிதங்கள் காட்டுகின்றன. வருவதற்கு முன்பே எப்படி வாங்கியிருப்பார்? அதனால் ஆகஸ்ட் 22 என்பதே பொருத்தம் என்று பல ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். நாம் கொண்டாடும் சென்னை தினம் இப்படிக் கணக்குப் போட்டுத் திருத்திய தேதிதான்.

கோட்டைக்குப் பணம் யார் கொடுத்தது?

1640 பிப்ரவரி 20. ஆண்ட்ரூ கோகனும் டேயும் ஈகிள், யூனிட்டி என்ற கப்பல்களில் வந்து இறங்கினார்கள். கூட சுமார் 25 வீரர்கள். ஆர்மகான் கைவிடப்பட்டது. வேலை தொடங்கி, ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் தினத்தையொட்டி ஒரு பகுதி முடிந்ததால் கோட்டைக்கு அந்தப் பெயரே நிலைத்தது என்பார்கள்.

ஆனால் பத்திரத்தில் சொன்ன பணம் வரவில்லை. நாயக்கர் செலவு செய்யவில்லை. செலவான பணத்துக்கு வட்டியைத் தானே கட்டுவதாக டே முன்னர் சொல்லியிருந்தார். சுவர் எழும்பிய பிறகு அதில் இருந்து பின்வாங்கிவிட்டார். செலவு முழுக்கக் கம்பெனி தலையில் விழுந்தது. லண்டனில் இருந்த முதலாளிகள் கொதித்துப் போனார்கள்.

1641ல் சோழமண்டலக் கரைக்கான கம்பெனியின் தலைமையிடம் மசூலிப்பட்டினத்தில் இருந்து சென்னைக்கு மாறியது. அதே ஆண்டு டே இங்கிலாந்துக்குக் கிளம்பினார். இந்தக் கோட்டையை யார் கேட்டுக் கட்டினீர்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. தப்பித்து 1642ல் திரும்பி வந்தார். ஒரிசாவின் பாலசோருக்குப் போய்ப் பார்த்து, அந்த இடத்தையும் விட்டுவிடக் கூடாது என்று எழுதினார்.

1643ல் சென்னையின் ஏஜெண்ட், அதாவது தலைமை நிர்வாகி ஆனார். பதவி ஓராண்டுதான் நீடித்தது. 1644ல் தாமஸ் ஐவி அந்த இடத்துக்கு வந்தார். கம்பெனி வேலையில் இருந்துகொண்டே சொந்த வியாபாரம் செய்தார் என்ற குற்றச்சாட்டும் டே மீது இருந்தது. அதன் பிறகு அவர் இந்தக் கதையில் இருந்து விலகிப் போகிறார். 1673ல் இறந்ததாகக் குறிப்பு.

2 ஆண்டு அனுமதி நிரந்தரமானது எப்படி?

முக்கியமான கட்டம் இதுதான். பத்திரப்படி நிர்வாகப் பொறுப்பு 2 ஆண்டுதான். ஆனால் ஆங்கிலேயர்கள் எழுந்து போகவில்லை. அதற்குப் பதிலாக ஆள்பவர் மாறும்போதெல்லாம் புதுச் சீட்டு வாங்கினார்கள்.

1645: விஜயநகர மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கராயரிடம் நேராகப் போய்ப் புது மானியம் பெற்றார்கள். நாயக்கர் மன்னருக்குக் கீழ்ப்பட்டவர்தான். அவர் கொடுத்தது செல்லாது என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாதே. இந்த முறை நரிமேடு நிலமும் சேர்ந்து வந்தது.

1647: கோல்கொண்டா படை இந்தப் பகுதியைப் பிடித்தது. தளபதி மீர் ஜும்லாவிடம் பழைய உரிமைகளை உறுதி செய்து வாங்கினார்கள்.

1658: சுங்கத்தில் பாதி என்ற பங்குக் கணக்கு போய், ஆண்டுக்கு 380 வராகன் என்று ஆனது.

1672: கோல்கொண்டாவின் நவாப் நெக்னாம் கானிடம் வாங்கிய கவுலில் ஆண்டுக்கு 1,200 வராகன் என்று ஒரே தொகையாக முடிந்தது. வியாபாரம் எவ்வளவு பெருகினாலும் இதற்கு மேல் இல்லை.

1687: கோல்கொண்டாவை அவுரங்கசீப் பிடித்தார். கம்பெனி அதே வாடகையை முகலாயர்களிடம் கட்டியது.

பாதிப் பங்கு என்று தொடங்கியது நிலையான வாடகை ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காடு நவாப் முகமது அலி அந்த வாடகையையும் விட்டுக்கொடுத்தார். 1763ல் அதே நவாப் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரில் பொன்னேரிப் பகுதியும் கம்பெனியிடம் போனது. டே கிளம்பிய ஏரிக்கரைக்கே அவருடைய கம்பெனி வரி வாங்குகிற ஆளாகத் திரும்பி வந்தது.

விற்பனை என்று எங்கேயும் நடக்கவில்லை. ஆனால் சொத்து கைமாறிவிட்டது. சுவாதீனம் யாரிடமோ, சொத்து அவரிடம் என்று கிராமத்தில் சொல்கிற மாதிரிதான் நடந்தது.

மூலப் பத்திரம் எங்கே?

மானியம் தங்கத் தகட்டில் எழுதித் தரப்பட்டது என்றும், 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அது காணாமல் போனது என்றும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நம்மிடம் மிஞ்சியிருப்பது ஒரு தரப்பு வைத்துக்கொண்ட ஆங்கிலப் பிரதி. நாயக்கர் என்ன சொல்லி, துபாஷி என்ன புரிய வைத்து, டே எதை எழுதிக்கொண்டார் என்று ஒத்துப் பார்க்க மறு பிரதி இல்லை. கோட்டைச் செலவு பற்றிய தகராறே இப்படி மொழிமாற்றத்தில் வந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள்.

இது இன்று நமக்கு ஏன் முக்கியம்?

திரும்பப் பழவேற்காட்டுக்கே வருவோம். இங்கே ஏரியில் மீன், இறால் பிடிப்பதில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை மீனவர் ஊர்க்கூட்டம் முறை வைத்துத் தீர்மானிக்கும். உரிமை தலைக்கட்டுக் கணக்கில் வரும். தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம் இது. ஆனால் ஏரியின் நடுவில் தண்ணீருக்குப் பட்டா கிடையாது.

எழுத்தில் இல்லாத உரிமை கண்ணுக்குத் தெரியாத உரிமை. 1639ல் மதராசபட்டினக் குப்பத்துக்கும் அதுதான் நடந்தது. சுங்கம், நாணயம், குதிரை, கிளி எல்லாவற்றுக்கும் பேச்சுவார்த்தையில் இடம் இருந்தது. கரையில் வலை காயப்போட்டவருக்கு இல்லை. அவருடைய வாழைத்தோட்டம் கதையாக மட்டும் மிஞ்சியது.

கடற்கரையில் துறைமுகம், ஆலை, ஏவுதளம் என்று எது வந்தாலும் மீனவ ஊர்கள் முதலில் கேட்பது இழப்பீட்டுத் தொகையை இல்லை. இந்தக் கரை யாருடையது என்று எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதைத்தான். பிரான்சிஸ் டே சென்னையை விலைக்கு வாங்கவில்லை. அவர் வாங்கியது ஒரு காகிதம். அதில் பெயர் இருந்தவர்களுக்கு ஊர் கிடைத்தது.